மாடியறைச் சுவரிலிருந்த டெலிபோன் வயர்

போரின் கடைசி வருடங்களில் ஒரு சில மாதங்கள் நான் கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தேன். காயமோ காய்ச்சலோ இல்லை. வயிற்றில் பிள்ளை. அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தடவை டொக்டர் கருப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, "டொய்லட்டுக்குப் போக மட்டும் எழும்பலாம், படி இறங்கவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

கணவர் டோஹாவில் ஒரு கட்டடக் கம்பனியில் எலக்ட்ரீசியன். ஒப்பந்தம் முடியும்வரை லீவு கிடையாது. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தா. சண்டையால் தரைப் பாதை மூடிக் கிடந்தது. கப்பலுக்கும் பிளேனுக்கும் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்த சனத்தில் அவவும் ஒருத்தி. நான் வேலை செய்த கணக்கு அலுவலகத்தில் லீவு தந்தார்கள், அவ்வளவுதான். ஆக, அந்த வீட்டில் எனக்கு என்று இருந்தவர் கீழே குடியிருந்த வீட்டுக்கார அன்ரி ஒருவர்தான்.

அன்ரி முஸ்லிம். கணவர் இறந்து கனகாலம். ஒரே மகன் மெல்பேர்னில். காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் அந்தப் பழைய வீட்டில், கீழே அவர் தனியாக இருந்தார். நான் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து காலையும் மத்தியானமும் இரவும் சாப்பாட்டைத் தட்டில் மூடிக்கொண்டு படியேறி வருவார். அவருக்கும் முழங்கால் வருத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒருதரம் நின்று மூச்சு வாங்குவது எனக்குக் கட்டிலில் கேட்கும்.

"அன்ரி, கடையில சொல்லி எடுக்கலாம். நீங்கள் இப்பிடி ஏறி இறங்க வேண்டாம்" என்றேன் ஒருநாள்.

"நான் சமைக்கிறத நான் மட்டும் திண்டா எனக்கு இறங்காது மகள். நீங்க பேசாமப் படுங்க" என்றார்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. குறையெல்லாம் கதைக்க ஆளில்லாததுதான். கணவர் போன் கார்ட் போட்டு எடுப்பார். பிள்ளை அசைகிறதா, வயிற்றில் நோ இருக்கிறதா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கார்ட் முடிந்துவிடும். பிறகு அடுத்த நாள் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அவருடைய வேலைத்தள அலுவலகத்தில் வேலை முடிந்த பிறகு கொம்பியூட்டரைப் பாவிக்க விடுவார்கள். இன்டர்நெட்டில் முகம் பார்த்து எவ்வளவு நேரமும் கதைக்கலாம். எங்கள் வீட்டிலும் இன்டர்நெட் இருந்தது. ஆனால் கீழே. அன்ரியின் மகன் தன் தாயோடு கதைப்பதற்காகப் போட்டுக் கொடுத்தது. நானோ மேலே, படி இறங்கக் கூடாதவள். என் கணவரின் பழைய லப்டொப் கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தது.

வயரில்லாமல் வேலை செய்யும் ஒரு பெட்டியை அன்ரி யாரிடமோ இரவல் வாங்கிக் கீழே வைத்துப் பார்த்தார். அந்த வீட்டுச் சுவர் ஒரு முழத் தடிப்பு. நடுவில் கொங்கிரீட் தட்டு. படிக்கட்டின் பாதியோடு சிக்னல் நின்றுவிட்டது. வெளியால் புது வயர் இழுத்து ஜன்னலுக்குள் விடலாம் என்று கணவர் சொன்னார். அன்ரி சம்மதிக்கவில்லை. நானும் விரும்பவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது பொலிஸ் வந்து வீடு வீடாகப் பார்த்த காலம். யாழ்ப்பாணத்து விலாசம் போட்ட அடையாள அட்டையோடு தனியாக இருக்கிற ஒரு பெண்ணின் ஜன்னலுக்கு வீட்டின் வெளிச்சுவர் வழியாகப் புதிதாக ஒரு வயர் ஏறுகிறது என்றால், தெருவில் போகிற யாராவது ஒருவர் அதைப் போய்ச் சொல்லுவார்.

அப்படிக் கிடந்த நாட்களில்தான் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி இருந்த சின்ன வெள்ளைத் தகட்டை நான் கவனித்தேன். சுவருக்கு அடித்த பெயின்டையே அதற்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். அடுத்த தடவை அன்ரி வந்தபோது அது என்னவென்று கேட்டேன்.

"அதா? எங்கட அவர் மௌத்தாக முந்தி இந்த வீட்ட ஹார்பர்ல சாமான் எடுத்துக் குடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீசுக்குக் குடுத்திருந்தாரு. ரூமுக்கு ரூம் போன் வெச்சிருந்தாங்க. இங்க இருந்து அங்க பேசுற. எல்லா வயரும் படிக்கட்டுக்குக் கீழ அலுமாரிக்குள்ள வந்து நிக்கிது. அவங்க போன கையோட பெட்டியக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. வயர் செவருக்குள்ளயே கெடக்கு" என்றார்.

அன்று பின்னேரம் கணவர் எடுத்தபோது நான் பிள்ளையின் அசைவைப் பற்றிச் சொல்லாமல் முதலில் இதைத்தான் சொன்னேன்.

"தகட்டைக் கழட்டிப் பார். உள்ளுக்கு எத்தனை வயர் இருக்கு?" என்றார்.

பட்டர் கத்தியின் நுனியால், ஒருக்களித்துப் படுத்தபடியே, இரண்டு ஆணியையும் திருகி எடுத்தேன். பெயின்ட் வெடித்துக் கட்டிலில் உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிற உறைக்குள்ளிருந்து மெல்லிய வயர்கள் சுருண்டு கிடந்தன. நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம். ஒவ்வொன்றோடும் ஒரு வெள்ளை.

"எட்டு" என்றேன்.

அவர் சிரித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "டெலிபோனுக்கு ரெண்டு போதும். ஆரோ புண்ணியவான் எட்டு வயர் உள்ளதாப் பாத்து இழுத்திருக்கிறான். இன்டர்நெட்டுக்கு நாலு காணும். அறை அறையா ஒண்டில இருந்து ஒண்டுக்குக் கொழுவாமல் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியா இழுத்திருந்தா, சுவரை உடைக்கவே தேவையில்லை. ரெண்டு பக்கமும் வேற முனை போட்டால் சரி. ஆனா நீ கை வையாதை. ஒராளைப் பிடிக்கச் சொல்லு." கார்ட் அதோடு முடிந்துவிட்டது.

ஆளைப் பிடித்தவர் அன்ரி. மாளிகாவத்தையில் அவருடைய தங்கை இருந்த தொடர்மாடியில் இன்டர்கொம் பூட்டிக் கொடுத்த ஒருவரைக் கூப்பிட்டார். புறக்கோட்டையில் ஒரு கம்பனியில் வேலை செய்துகொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தவர். சொந்த ஊர் மலையகத்தில் ஒரு தோட்டம். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை அக்கா என்றே கூப்பிட்டார். ஓய்வு நாளில் தோல் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, நான் படுத்திருப்பதைப் பார்த்து உள்ளே வரத் தயங்கினார்.

"பரவாயில்லை, வாங்கோ. எனக்கு எழும்பக் கூடாது. அதாலதான்" என்றேன்.

"நீங்க அசையாதீங்கக்கா. நான் சத்தம் போடாம வேலய முடிச்சிட்டுப் போயிடுறேன்."

கீழே அலுமாரிக்குள் ஒரு கட்டு வயர் வந்து நின்றது. எது எந்த அறைக்குப் போகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு சாமான் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. அதை என் அறைச் சுவரில் தொங்கிய வயர்களில் கௌவ விட்டார். அதில் ஒரு சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. பேனை போன்ற இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனார். சரியான வயருக்குக் கிட்ட அதைக் கொண்டுபோனால் அது கூவும். கீழே அவர் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பதும், பிறகு அது மெல்லக் கூவத் தொடங்கியதும் எனக்கு மேலே கேட்டது. "கெடச்சிருச்சுக்கா!" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

அந்த நேரம்தான் ஒழுங்கையில் ஜீப் வந்து நின்றது.

வழக்கமான சோதனைதான். பொலிஸ்காரர் சிலர், அவர்களோடு ஒரு பெண் பொலிஸ். அன்ரி கதவைத் திறந்து சிங்களத்தில் கதைப்பது கேட்டது. மேலேயும் ஆள் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். சப்பாத்துச் சத்தம் படியேறி வந்தது. இன்ஸ்பெக்டர் அறைக்குள் கால் வைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் தலைமாட்டுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து வெளியே இழுத்த வயர்களையும் அவற்றில் தொங்கிய பெட்டியையும் அதில் விட்டு விட்டு எரியும் சிவப்பு வெளிச்சத்தையும் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அந்த நாட்களில் கொழும்பில் யாருமே அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

"மேக்க மொகக்த?" என்றார். இது என்ன?

"டெலிபோன் வயர், மஹத்தயா" என்றேன்.

"எளியட்ட யன்ன." வெளியே போகச் சொன்னார். மற்றவர்களைப் பார்த்தும் அதையே கத்தினார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் மறந்து போயிற்று. "மட்ட நெகிட்டின்ன பே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கு எழும்ப இயலாது. போர்வையை விலக்கி வயிற்றைக் காட்டினேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

அந்தப் பெண் பொலிஸ் இன்ஸ்பெக்டரைத் தாண்டி உள்ளே வந்தார். அது குண்டு, வெடிக்கும் என்று நினைத்திருந்தால் அவர் வந்திருக்கத் தேவையில்லை. நினைத்துக்கொண்டுதான் வந்தார், அது முகத்தில் தெரிந்தது. மூலையில் இருந்த பிரம்புக் கதிரையைக் கட்டிலோடு சேர்த்து வைத்து, என் தோளுக்குக் கீழே கை கொடுத்து, மெதுவாக என்னை அதில் இருத்தினார். "பய வென்ன எப்பா, அக்கே" என்றார். பயப்பட வேண்டாம், அக்கா. பிறகு வாசலில் நின்ற ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். இருவரும் கதிரையோடு என்னைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்த்து, படிப்படியாகக் கீழே இறக்கி, முற்றத்து மதிலோரம் நிழலில் வைத்தார்கள். ஒரு குலுக்கல்கூட இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாளும் கண்டதும் இல்லை.

கீழே வயர்காரரைச் சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். அவர் கையில் இருந்த பேனை இன்னமும் கூவிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவருக்குப் பயம். அதற்குள் அன்ரி முன்னால் வந்து, இது என் வீடு, இவரைக் கூப்பிட்டது நான், இது வயர் தேடுகிற சாமான், வேண்டுமானால் அவரையே மேலே போய்க் கழற்றச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். இன்ஸ்பெக்டர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரை மட்டும் மேலே அனுப்பினார். சற்று நேரத்தில் கூவல் நின்றது. அவர் பெட்டியை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் தெரியும்படி நீட்டிக்கொண்டு படியில் இறங்கி வந்தார். திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே ஒரு பற்றரி.

அதோடு முடிந்திருக்கலாம். அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தோட்டத்து விலாசம். கொழும்பில் பொலிசில் பதிந்த தாள் கொட்டாஞ்சேனை அறையில் இருந்தது, கையில் இல்லை. விசாரிக்க வேண்டும் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் ஏறும்போது என்னைப் பார்த்து, "நீங்க போய்ப் படுங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

அன்ரி செய்ததைத்தான் நான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். ஜீப் திரும்புவதற்குள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் என்னை ஒப்படைத்துவிட்டு, ஒழுங்கை முனையில் ஒரு த்ரீவீலைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் போனார்.

பொலிஸ் நிலையத்தில் நடந்ததைப் பிறகு அவர்தான் சொன்னார். அங்கே கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நான் கூப்பிட்டு வந்த ஆள உள்ள வெச்சிருக்கிறீங்க. அவர உடுங்க, இல்லாட்டி என்னையும் வையுங்க" என்றிருக்கிறார். போகச் சொன்னார்கள், போகவில்லை. தொழுகை நேரம் வந்தபோது அங்கே ஒரு மூலையில் சால்வையை விரித்துத் தொழுதுவிட்டு மறுபடி வந்து அதே வாங்கில் இருந்திருக்கிறார். வயர்காரரிடமே வாங்கிய எண்ணுக்குப் போன் போட்டுப் புறக்கோட்டைக் கம்பனி முதலாளியைக் கூப்பிட்டு, அவரையும் இன்ஸ்பெக்டரோடு கதைக்க வைத்திருக்கிறார். வயர்காரரின் மனைவியைப் பதிவுத் தாளோடு வரச் சொல்லியிருக்கிறார்.

பொழுது சாயும் நேரம் அன்ரி திரும்பி வந்தார். அவர் படியேறி வரும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும்தான் நான் மூச்சு விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை மறுபடி கட்டிலில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை நன்றாக அசைந்துகொண்டிருந்தது.

"உட்டுட்டாங்க மகள். பொஞ்சாதி வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அடிச்சாங்களாண்டு கேட்டேன். இல்லண்டாரு" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இனி இந்த வயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நான் முடிவெடுத்துவிட்டேன். கணவருக்கும் அப்படியே சொன்னேன். ஆனால் மறுநாள் காலையில், வேலைக்குப் போகுமுன், வயர்காரர் அதே பையோடு வந்து வாசலில் நின்றார்.

"ஐயோ, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? விடுங்கோ. வேண்டாம்" என்றேன்.

"வயரு எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்லக்கா. நாளக்கி வேற யாராச்சும் வந்து பாத்தா உங்களுக்குத்தான் கரச்சல். மூடிட்டுப் போயிடணும்." பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "மூடுறதுன்னா வேலய முடிச்சிட்டே மூடிடலாமேன்னு பாத்தேன்" என்றார்.

அன்று அந்தக் கூவுகிற பெட்டியை அவர் வெளியே எடுக்கவில்லை. முதல் நாளே சரியான வயரில் ஒரு நூலைக் கட்டி வைத்திருந்தார். அன்ரியின் டெலிபோன் லைனும் அதே அலுமாரிக்குள்தான் இருந்தது. மணி அடிக்கும்போது அதில் வரும் மின்சாரம் இன்டர்நெட் பெட்டியை எரித்துவிடும் என்று சொல்லி, அதைத் தனியாக ஒதுக்கிக் கட்டினார். பிறகு இரண்டு முனையிலும் புதுக் கொழுவிகளைப் பூட்டினார். லப்டொப்பைக் கொழுவியதும் பச்சை வெளிச்சம் எரிந்தது. நான் கைதட்டாத குறை. ஆனால் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் பாதி திறப்பதற்குள் லைன் அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி அறுந்தது.

அவர் படிக்கட்டுக்குக் கீழேயே குந்திக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு மேலே வந்து சொன்னார்: "இந்த வயரு சோடி சோடியா முறுக்கி இருக்குக்கா. நீலத்துக்கு ஒரு வெள்ள, செம்மஞ்சளுக்கு ஒரு வெள்ள. வெள்ளயில போட்டிருந்த கோடெல்லாம் பழசாகி அழிஞ்சி போச்சு. நான் இதோட வெள்ளய அதுக்கும் அதோட வெள்ளய இதுக்கும் மாத்திக் குடுத்திட்டேன். லைட்டு எரியும், ஆனா லைன் நெலச்சு நிக்காது." சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். "இன்னிக்குக் கை கொஞ்சம் சரியில்ல."

உறையை இன்னும் கொஞ்சம் உரித்து, முறுக்கு அவிழாத இடம்வரை போய், எந்த வெள்ளை எதனோடு பிணைந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றிப் பூட்டினார். அதன் பிறகு லைன் அறுந்ததே இல்லை. தகட்டை மறுபடி சுவரில் வைத்து, ஒரு தட்டுத் தட்டி, உதிர்ந்த பெயின்டைத் தன் கைக்குட்டையால் கூட்டி அள்ளிக்கொண்டுதான் போனார்.

அன்று பின்னேரம் திரையில் கணவரின் முகம் வந்தது. வெயிலில் கறுத்து, மெலிந்து, தாடி விட்டிருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. கனநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அன்ரி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மருமகன், முகத்த வழிங்க. புள்ள பயந்திடும்" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

அதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை அப்படித்தான் போயிற்று. வேலை முடிந்து கணவர் கமராவுக்கு முன்னால் வந்து இருப்பார், நான் படுத்திருப்பேன். எப்போதும் கதைத்துக்கொண்டிருந்தோம் என்றில்லை. அவர் ஏதாவது பழுதான சாமானைத் திருத்துவார், நான் பின்னுவேன். ஊரில் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. கொழும்பில் பஸ் ஏறவும் ரயில் ஏறவும் சனத்துக்குப் பயம். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் குரல் வாரத்துக்கொரு தடவை கேட்டால் பெரிது. அந்த மாதங்களை நான் மன அமைதியோடு கடந்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் கடந்தேன். தனியாகக் கிடந்திருந்தால் என்னவாகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

மகள் நாள் நிறைந்து பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அன்ரி அவளைத் துணியில் சுற்றி கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். கணவர் முதலில் எண்ணியது அவளுடைய விரல்களைத்தான்.

பிறகு கணவர் வந்தார். நாங்கள் ஹெந்தளைப் பக்கம் ஒரு வீடு எடுத்துப் போனோம். அன்ரியை மகன் மெல்பேர்னுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வயர்காரரின் தொடர்பு விட்டுப் போயிற்று. சண்டை முடிந்து சில வருடங்களின் பின், கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசிக்கு முன்னால் அவரைக் கண்டேன். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்திருந்தது. அவர்தான் கண்டுபிடித்தார்.

"அக்கா, எழும்பி நடக்கிறீங்க" என்றார். நான் எழும்பி நின்று அவர் பார்த்ததே இல்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் காட்டினேன். குனிந்து அவள் பெயரைக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வரவேண்டும் என்று அங்கேயே நின்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வந்தார்கள். கணவர் பேலியகொடைக்கு விடியவே போய் மீன் வாங்கி வந்திருந்தார். என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்த மனிசன், ஆளைக் கண்டதும் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தார். "போதுங்க, போதுங்க" என்று அவர் கையை மறித்தும் நிறுத்தவில்லை. நான் அவருடைய மனைவியோடு குசினியில் நின்றேன். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் அவ கேட்டா: "அந்த அம்மா எப்படி இருக்காங்க? அன்னைக்கி அவங்க பக்கத்துல இருக்கலைன்னா நான் ஸ்டேசன் வாசல்லயே விழுந்திருப்பேன்."

சாப்பாடு முடிந்ததும் மெல்பேர்னுக்குப் போன் எடுத்தோம். அன்ரிக்குக் காது சற்று மந்தம், யார் வந்திருக்கிறார் என்று நான் இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும், "குடுங்க, அவருக்குக் குடுங்க" என்றார். போனை வாங்கியவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். கடைசி வரை நின்றபடியேதான் அன்ரியோடு கதைத்தார்.